ஊசி வேண்டாம் என்று சங்கம் கடிதம் தராதது ஏன்?

தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாட்களில் அலவத்துகொடப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூன்று குடும்பங்கள் எங்களைத் தேடி வந்தன. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைக் கையில் வைத்திருந்தார்கள். மூன்றிலும் பல கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "எங்க சபையில ஊசி வேணாங்கிறாங்க சேர். மதக் காரணத்தால போடலன்னு சங்கத்துக் கடதாசியில ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. சங்கம் சொன்னா ஸ்கூல்ல கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார் ஒரு தகப்பன்.

நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு லயத்தில் பேச்சு நடக்கிறது என்று தெரியும். சந்தா வாங்க மட்டும்தான் சங்கமா என்று ஒரு தாய் கேட்டதும் எங்கள் காதுக்கு வந்தது. நியாயமான கேள்விதான். மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வதந்தியை நிறுத்துவோம். அந்த மூன்று பிள்ளைகளும் இன்று வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டை நிரம்பவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் கேற்றில் நிறுத்துவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அதற்கு முன்னர் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அட்டையைக் கேட்பது எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துப் போட வைப்பதற்கு. பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு அல்ல.

அப்படியானால் கடிதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் இந்தக் கடிதம் சட்டமாகவே இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர ஊசி கட்டாயம். ஆனால் பல மாநிலங்களில் எங்கள் மதம் இடம் தராது என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்குக் கிடைக்கும். நியூயோர்க் மாநிலத்திலும் அப்படித்தான் இருந்தது. 2018 கடைசியில் அந்த நகரத்தில் யூத மக்கள் நெருக்கமாக வாழும் புரூக்ளின் பகுதியில் சின்னமுத்து தொடங்கியது. சில மாதங்களில் நகரத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. அவர்களுடைய பெரிய மதகுருமார் பலர் ஊசி போடுங்கள் என்றே சொல்லிக் கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றது ஒரு சிறு கூட்டம். 2019 ஜூனில் அந்த மாநிலம் மத விலக்கையே எடுத்துவிட்டது. எங்களிடம் கேட்கப்பட்டதும் அதே மாதிரி ஒரு கடிதம்தான், அதில் எங்கள் சங்கத்தின் முத்திரை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்று மூன்று பேருக்குக் கொடுத்தால் நாளை முப்பது பேருக்குக் கொடுக்க வேண்டி வரும்.

சின்னமுத்து என்று கிளினிக்கில் சொல்வது நாம் மணல்வாரி அம்மை என்று சொல்லும் அதே நோய்தான். 1999, 2000 ஆம் ஆண்டுகளில் இந்த நாட்டில் ஏறத்தாழ 15,000 பேருக்கு அது வந்தது. அதற்குப் பிறகு 2001 இல் இரண்டாவது ஊசியைச் சேர்த்தார்கள். 2019 இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. நான்கு வருடம் போகவில்லை, 2023 இல் மறுபடியும் வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான கைக்குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட்டார்கள். கண்டியும் அதில் ஒன்று.

ஏன் கைக்குழந்தைக்கு? வழமையாக முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில், இரண்டாவது மூன்று வயதில். ஒன்பது மாதத்துக்கு முன்னர் அந்தக் குழந்தைக்குக் காவல் அதைச் சுற்றியிருக்கிற நாம்தான். நோய் வந்தவர் இருந்த அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணித்தியாலம் வரை நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும். இப்போது நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவில் ஆறேழு பேர். நடுச் சுவருக்கு மேலே கூரை வரைக்கும் அடைப்பில்லாத லயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தாய்மார் காலையில் கொழுந்துக்குப் போகும்போது நாலு மாதம், ஐந்து மாதப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊசி போடாத ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அது முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். பங்களாவில் இருக்கிற துரையின் பிள்ளைக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. லயத்துக்காரர்களுக்கு மற்றவர் எடுக்கிற முடிவும் தங்கள் வீட்டுக்குள் வரும்.

மதத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. நாங்களும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்து, கரகத்துக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவர்கள். வீட்டில் அம்மை போட்டால் "தாய் வந்திருக்கா" என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, சத்தம் போடாமல் இருந்த வீடுகள் எங்களுடையவை. அதைக் கேலி செய்ய எங்களுக்கு மனம் வராது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாட்கள் போகாமல் இருந்ததிலும் ஒரு புத்தி இருந்தது. ஆனால் அதே பாட்டிமாரின் கையை உற்றுப் பாருங்கள். காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். அது அம்மை குத்திய தழும்பு. பெரியம்மைக்காக 1886 இலேயே இங்கே சட்டம் போட்டு அம்மை குத்தினார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் மறித்து வைத்துக் குத்தி அனுப்பினார்கள். ஆடுமாட்டைப் போல நடத்தினார்கள் என்று நம் முன்னோர் சொன்னது பொய் இல்லை. இருந்தாலும் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று 1980 இல் அறிவித்தார்கள். வேப்பிலையும் தழும்பும் ஒரே கையில் இருந்தன. மாரியம்மன் அதற்காகக் கோபித்ததாக எந்தத் தோட்டத்திலும் நாங்கள் கேள்விப்படவில்லை.

டவுனில் இருக்கும் முஸ்லிம் நண்பர்கள் சிலர் ஊசியில் பன்றிக் கொழுப்புச் சேர்கிறதா என்று கேட்கிறார்கள். சில ஊசிகளில் ஜெலட்டின் சேர்வது உண்மைதான். இந்தோனேசிய உலமா சபை 2018 இல் இதே கேள்வியைச் சின்னமுத்து ஊசி பற்றி எடுத்துப் பார்த்தது. ஊசி தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, வேறு மாற்று இல்லாதபடியால் தேவை கருதிப் போடலாம் என்று தீர்ப்புக் கொடுத்தது. கத்தோலிக்கர்களுக்கு வத்திக்கானும் 2020 டிசம்பரில் கொரோனா ஊசி பற்றி ஏறக்குறைய அதே மாதிரி ஒரு விளக்கம் கொடுத்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அவர்கள் அழ அழ எரித்த நாடு இது. அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் தாய் சுகாதார உத்தியோகத்தரைப் பார்த்துச் சந்தேகப்பட்டால், படிக்காதவள் என்று ஏச எங்களுக்கு வாய் வராது.

நம்முடைய சந்தேகத்துக்கும் வரலாறு இருக்கிறது. தரம் ஆறுப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை, பாடசாலையில் போடுகிறார்கள். "அது பிள்ளை பொறக்காம இருக்கப் போடுற ஊசி" என்று பேச்சு வருகிறது. அது உண்மையல்ல. ஆனால் அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் காசு என்று அரசாங்கமே கொடுத்தது. வறுமையில் இருந்த நம் பெண்கள் அதற்கு எத்தனை பேர் போனார்கள், என்ன விளங்கிப் போனார்கள் என்பதை அந்த வயதுக்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மக்களிடம் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுத்து, நாளைக்குக் கையெழுத்து வாங்கி வா என்று பிள்ளையிடம் சொன்னால், வேண்டாம் என்றுதான் பதில் வரும். எங்கள் வகுப்புக்கும் அப்படி ஒரு படிவம் வந்திருக்கிறது. இரவோடிரவாக உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

ஊசியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். 2008 இல் ஐந்து நோய்க்கான ஊசியைப் போட்ட பின்னர் சில குழந்தைகள் இறந்ததால் அதை நிறுத்தி, ஆராய்ந்து பார்த்து, 2010 இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். 2009 இல் மாத்தறையில் பாடசாலையில் ருபெல்லா ஊசி போட்ட ஒரு மாணவி இறந்துபோனாள். பெற்றோர் இதைக் கேட்டால் ஒளிக்காமல் பேச வேண்டும். ஊசி போட்ட பின்னர் பிள்ளையை இருபது நிமிடமாவது அங்கேயே வைத்திருந்து பார்க்கிறார்களா, முன்னர் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்கிறார்களா என்று கவனிக்கும் உரிமை தாய்க்கு இருக்கிறது. மருத்துவக் காரணத்தால் ஒரு பிள்ளைக்கு ஊசி கூடாது என்றால் அதை வைத்தியர் எழுதிக் கொடுப்பார். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மற்றப் பிள்ளைகள் போட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்று அட்டைகளுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து அட்டையை விரித்துப் பார்த்தோம். ஒரு பிள்ளைக்கு முதலில் விடுபட்டது பதினெட்டாம் மாத ஊசி. அந்தக் காலத்தில் அந்தக் குடும்பம் சபைக்குப் போகவே ஆரம்பிக்கவில்லை. தாயிடம் கேட்டோம். கிளினிக் நாள் வேலை நாள். போனால் அன்றைய பேர் இல்லை. பஸ்ஸுக்கும் காசு. ஒரு மாதம் தள்ளிப் போனபோது, ஏன் பிந்தி வந்தாய் என்று எல்லாருக்கும் முன்னால் சிங்களத்தில் ஏசியிருக்கிறார்கள். பாதி விளங்கவில்லை, ஏச்சு என்பது மட்டும் விளங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது வீட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். மதம் பின்னால் வந்து சேர்ந்த காரணம். ஏச்சு வாங்கிய வெட்கத்தைவிட அது சொல்வதற்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

மூன்றாவது வீட்டுத் தகப்பன் அப்படி இல்லை. அவர் உண்மையாகவே நம்புகிறவர். "கர்த்தர் காப்பாத்துவார்" என்றார், நாங்கள் மறுத்துப் பேசவில்லை. அவர் காலில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு இருந்தது. அதற்கு ஏற்புவலி ஊசி போட்டீர்களா என்று கேட்டோம். போட்டேன் என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது எனக்குப் போட்டது, இது என் பிள்ளை" என்றார். அந்தப் பதிலை நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவருடைய நம்பிக்கை அவருடையது. சங்கத்தின் முத்திரை அவருடையது மட்டுமல்ல. அவருக்கு நாலாவது காம்பராவில் ஐந்து மாதக் குழந்தையோடு இருக்கிற பெண்ணும் எங்கள் அங்கத்தவர்தான், அவளும் சந்தா கட்டுகிறாள். அவளிடம் கேட்காமல் நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவர் எங்களோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

கடிதம் தராத சங்கம் வேறு என்ன தரப் போகிறது என்று கேட்பது சரி. கிளினிக் நாளில் கைப்பிள்ளைக்காரிக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அரைப் பேர் தரலாம் என்ற பேச்சு வந்தது, ஒத்துக்கொள்ளவில்லை. பாடசாலையில் ஊசி போடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னராவது தமிழ்ப் படிவம் வீட்டுக்கு வர வேண்டும், தமிழ் பேசும் ஒருவர் வந்து பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. வரும் வரைக்கும் விடப் போவதில்லை.

இரண்டு குடும்பங்கள் போன மாதம் எங்களோடு கிளினிக்குக்கு வந்தன. இந்த முறை மருத்துவமாது ஏசவில்லை, உட்கார வைத்து அட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். விடுபட்டவற்றை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்பதையும் அங்கே விளக்கமாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் கட்டம் வெறுமையாக இருக்கிற அட்டை இருந்தால் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு பிந்தியிருந்தாலும் பரவாயில்லை, யாரும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பதினைந்து பேர் சேர்ந்தால் அடுத்த கிளினிக்குக்கு ஒரு வேன் பேசலாம். மூன்றாவது வீட்டுத் தகப்பனுக்கும் சொல்லியிருக்கிறோம், அவருக்கும் ஒரு சீட் இருக்கிறது.