சிற்றுயிர்களும் ஃபிளாஷ் வெளிச்சமும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் நகரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில், சிலாங்கூர் ஆற்றின் கரையிலுள்ள கம்போங் குவாந்தானுக்கு இரவில் மின்மினி பார்க்கப் போகிறவர்களில், கைப்பேசியே கேமராவாகிவிட்ட இந்நாளில், கேமரா இல்லாதவர் என்று எவரும் இல்லை. அதே மாவட்டத்தின் உட்புறத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று நீண்டு செல்லும் செம்பனைத் தோட்டங்களில், விடியற்காலையில் புல்நுனிக்கும் பூங்கொத்துக்கும் முன்னால் மண்டியிட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஜீவராசிகளைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் இளைஞர்களையும் இப்போது காண முடிகிறது. இவ்விரு சாராரும் கடைக்காரரிடமும் நண்பர்களிடமும் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த ஃபிளாஷ் வாங்கலாம்? நியாயமான கேள்விதான், ஆனால் எந்த ஜீவனை, எந்த இடத்தில், எந்த வேளையில் படமெடுக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அதற்கு விடை தேட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தோட்டத்தில் அத்தியாவசியமான அந்தச் சாதனம், ஆற்றங்கரையில் பெரிய அபசாரமாகிவிடுகிறது.

முதலில் தோட்டத்து விஷயத்தைப் பார்ப்போம். மேக்ரோ என்று சொல்லப்படும் இந்தக் கலையில், பூச்சியின் உருவம் கேமராவின் உணர்தளத்தில் அதன் இயல்பான அளவிலேயே, சில வேளைகளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் விழுகிறது. உருவம் பெரிதாகப் பெரிதாக, தெளிவு நிலைக்கும் ஆழம் குறுகிக்கொண்டே போகும் என்பது ஒளியியலின் மாற்ற முடியாத நியதி. இயல்பளவில், எஃப்/11 என்ற சிறிய துவாரத்தில் எடுத்தாலுங்கூட, தெளிவாக அமைவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஆழந்தான். இரட்டிப்பு அளவில் எஃப்/8 துவாரத்தில் எடுத்தாலோ அது அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆழத்தை வேண்டித் துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் குறைகிறது; அதற்கும் மேலாக, இயல்பளவுப் படத்தில், தூரத்துக் காட்சியை எடுக்கும்போது கிடைப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெளிச்சமே உணர்தளத்தை வந்தடைகிறது. செம்பனை மட்டைகள் பின்னிப் படர்ந்து நடுப்பகலிலும் நிழல் கட்டி நிற்கும் தோட்டத்தில், கை நடுங்க, பூச்சி நகர, காற்று கிளையை அசைக்க, இந்தச் சொற்ப வெளிச்சத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும்?

இந்த இடையூறுகளை ஒருங்கே வெல்லும் உபாயம் ஃபிளாஷ்தான். அதன் மகிமை அது தரும் பிரகாசத்தில் மட்டும் இல்லை. அந்தப் பிரகாசம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. முழு வலுவில் விநாடியின் சில நூறில் ஒரு பங்கு நேரம் எரியும் ஒரு சாதாரண ஃபிளாஷ், தன் வலுவில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்குக் குறைக்கப்பட்டால், 1/10,000 விநாடி அளவுக்கே மின்னி அடங்குகிறது. அந்த க்ஷணத்தில் கை நடுக்கமும் இறகின் துடிப்பும் படத்தில் பதிய நேரமே இருப்பதில்லை. ஆகையால், மேக்ரோவுக்கு ஃபிளாஷ் தேடுகிறவர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வலுவின் எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. வலுவைப் படிப்படியாக, கையாலேயே மிகச் சிறிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டிய அம்சம்.

தோட்டத்தில் படமெடுக்கத் தகுந்தது அப்படி என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு, இந்த மண்ணின் சரித்திரத்தோடு பிணைந்த ஒரு சின்னஞ்சிறு பிராணியைச் சுட்டிக் காட்ட விரும்புகிறேன். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, 1917-ஆம் ஆண்டில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கியது இதே வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும், செம்பனையின் ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் திரட்டி, டால்க் மாவோடு கலந்து, பெண் பூங்கொத்துகளின் மேல் ஊதித் தூவும் வேலையைத் தொழிலாளர்களே மரம் மரமாகச் செய்ய வேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரின் ஆராய்ச்சியின் பயனாக, 1981-இல், ஆப்பிரிக்காவின் காமரூன் தேசத்திலிருந்து எலைடோபியஸ் காமரூனிக்கஸ் என்னும் கூன்வண்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. மனிதர் செய்துவந்த மகரந்த வேலையை அந்த வண்டுகள் ஏற்றுக்கொண்டன. நம் முந்தைய தலைமுறையின் கைகள் செய்த தொழிலை இன்று செய்துகொண்டிருக்கும் இந்த ஜீவனின் முகத்தை, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

மலர்ந்த ஆண் பூங்கொத்தின் அருகே போனால் சோம்பின் வாசனை கமழும். அந்த வாசனைக்கு வசப்பட்டு நூற்றுக்கணக்கான வண்டுகள் பூவிரல்களின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள, கரும்பழுப்பு நிறமான, பளபளக்கும் உடல். ஆணின் முதுகு ஓடுகளின் மேற்புறத்தில் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும். பெண்ணின் மூக்கோ ஆணினுடையதைவிட நீளமானது. இந்தப் புடைப்பும் மூக்கும் படத்தில் துலங்க வேண்டுமானால் வெளிச்சம் மிருதுவாகவும் ஒருபுறம் சாய்ந்தும் விழ வேண்டும். தேய்த்து வைத்த செம்புக் குடத்தின் மேல் ஜன்னல் வெயில் பட்டால் அந்த இடம் மட்டும் கண்ணைப் பறித்து மற்ற பாகமெல்லாம் மறைந்து போவதைப்போல, கடுமையான வெளிச்சம் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டை இட்டுவிட்டு அதன் வடிவத்தையே நம்மிடமிருந்து ஒளித்துவிடுகிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் இருப்பவற்றைச் சீர்தூக்குவோம். லென்ஸின் வாயைச் சுற்றி மாட்டும் வளைய ஃபிளாஷ், 1952-இல் லெஸ்டர் டைன் என்பவரால் பல் வைத்தியத்தின் பொருட்டு உருவாக்கப்பட்டது. நிழலே விழாமல் வாயின் உட்புறம் முழுவதையும் விளக்கிக் காட்டுவது அதன் லட்சியம். வைத்தியருக்குக் குணமான அந்த நிழலின்மையே பூச்சிப் படத்துக்குக் குற்றமாக முடிகிறது. மேடு பள்ளம் யாவும் தட்டையாகி, பளபளப்பான ஓட்டின்மேல் வளையமும் அப்படியே பிரதிபலிக்கும். அடுத்தது, கேனான், நிக்கான் முதலிய கம்பெனிகளும், அவற்றைவிடச் சகாயமான விலையில் சீனக் கம்பெனிகளும் விற்கும் இரட்டைத்தலை ஃபிளாஷ். ஒரு தலையின் வலுவைக் கூட்டி மற்றதைக் குறைத்து நிழலை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆயினும் அந்தத் தலைகள் சிறியவை, உறையின்றி எரிந்தால் கடுமையானவை, விலையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாதது. எல்ஈடி வளைய விளக்கு என்று மலிவாக விற்கப்படுவதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஓயாமல் எரியும் அதன் மங்கலான வெளிச்சத்தால் அசைவை நிறுத்த இயலாது.

தோட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது, கேமராவின் தலையில் பொருந்தி, நான்கு சிறு பேட்டரிகளில் ஓடும் ஒரே ஒரு சாதாரண ஃபிளாஷும், அதன் முன்னால் பிடிப்பதற்கு, வெளிச்சத்தைப் பரப்பிவிடும் அகலமான ஒரு டிஃப்யூசருந்தான். பூச்சியின் அளவோடு ஒப்பிடுகையில் வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு வெளிச்சம் மிருதுவாகும் என்பது இதன் தத்துவம். உள்ளங்கை அகலமுள்ள ஒரு வெள்ளைத் தாளை மூன்று மில்லிமீட்டர் வண்டுக்கு இரண்டு அங்குலம் வரை கொண்டுபோனால், வண்டின் மேல் கவிந்திருக்கும் வானத்தின் கணிசமான பகுதியை அந்தத் தாளே அடைத்துக்கொள்கிறது. நிழலின் ஓரங்கள் கரைந்து, ஓட்டின் நிறமும் நெளிவும் வெளிப்படுகின்றன. பால்நிறப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, டிரேசிங் காகிதம் இரண்டு தாள், உட்புறம் ஒட்ட வெள்ளிநிறத் தாள், இவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டிஃப்யூசர், விலையுயர்ந்த கருவியை உறையின்றி உபயோகிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மேலான படத்தைத் தரும். தூரம் கூடினால் ஃபிளாஷின் வெளிச்சம் விரைந்து குன்றுவதால் பின்னணி இருண்டுபோகக்கூடும். பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை அமையும் கோணத்தைத் தேடினால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களின் இலைகளில் கூடி மின்னும் மின்மினி, ஆறு மில்லிமீட்டர் நீளமே உள்ள டெரோப்டிக்ஸ் டெனர் என்ற இனம். அவற்றின் ஆண்கள் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. பெண்ணை அழைப்பதும் இனத்தைத் தழைக்கச் செய்வதும் அந்த மின்னலே. அதே பேரினத்தைச் சேர்ந்த நியூகினி மின்மினி ஒன்றை ஆராய்ந்து, ஹான்ஸன், கேஸ், பக் தம்பதியர் ஆகிய அறிஞர்கள் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, செயற்கையாக மின்னும் வெளிச்சத்தைக் கண்டதும் ஆண் பூச்சி தன் அடுத்த மின்னலின் வேளையையே மாற்றிக்கொள்கிறது என்பதைப் புலப்படுத்தியது. அத்தனை நுட்பமாக அயல் ஒளிக்குச் செவிசாய்க்கும் ஜீவன்களின் நடுவே, இருளுக்குப் பழகிய அவற்றின் கண்களுக்கு நேரே, படகு படகாக வருவோர் ஃபிளாஷை வெடிக்கவிடுவது எத்தகைய காரியம் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அங்கே ஃபிளாஷ் கூடாது என்ற விதி வீண் கண்டிப்பால் எழுந்ததன்று. அந்த உயிரினத்தின் வாழ்க்கை முறையிலிருந்தே பிறந்த விதி அது.

விதியை மீறுகிறவருக்குப் பிரயோஜனமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பல அடி தூரத்தில் இருக்கும் மரத்தை நோக்கி ஃபிளாஷ் அடித்தால், அதன் பிரகாசத்தில் மின்மினியின் மெல்லிய ஒளி மூழ்கிப்போய், படத்தில் எஞ்சுவது வெளிறிய இலைகள் மாத்திரமே. மின்மினியின் ஒளி படத்தில் விழ வேண்டுமானால் இருளைக் காப்பாற்றியே ஆக வேண்டும்: படகிலிருந்து எடுப்பதை விட்டு, கரையில் உறுதியான முக்காலியில் கேமராவை நிறுத்தி, பெரிய துவாரத்தோடு பத்து இருபது விநாடிகள் திறந்து வைப்பதே வழி. ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதாது; குவியம் தேடும்பொழுது கேமராவின் முகப்பில் தானே எரியும் சிறு உதவி விளக்கையும் அணைக்க வேண்டும்; திரையின் பிரகாசத்தையும் கைப்பேசியின் டார்ச்சையும் அடக்க வேண்டும். படகுத்துறைக்குப் போய் இருட்டில் பொத்தானைத் தேடுவதைக்காட்டிலும், வீட்டிலிருந்து புறப்படும்போதே இவற்றைச் செய்துவிடுவது உத்தமம்.

மின்மினிகளுக்கு ஃபிளாஷ் ஒன்றே சத்துரு என்று நான் சொல்ல வரவில்லை. கோலகுபு பாரு அருகே சிலாங்கூர் ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டபோது, ஆற்று நீரின் ஓட்டமும் உப்பின் அளவும் மாறினால் இந்தப் பூச்சிகளின் கதி என்னாகும் என்று இயற்கை ஆர்வலர்கள் கவலைப்பட்டார்கள். பெரெம்பாங் மரத்தில் நாம் காண்பது வளர்ந்த பூச்சியை மட்டுமே. அதன் புழுப்பருவம் மரத்துக்குப் பின்னாலுள்ள ஈரமண்ணில், நிப்பாவும் சாகோவும் வளரும் நிழலில், சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. ஆகவே கரையோர நிலத்தை வெட்டித் திருத்துவது, மரத்தையே வெட்டுவதற்குச் சமானமான கேடு. 2009-இல் மாநில அரசாங்கம் ஆற்றங்கரையின் மின்மினிப் பிரதேசத்தைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்ததும், 2010-இல் இதே மாநிலத்தில் கூடிய மின்மினி ஆராய்ச்சியாளர்கள் மின்மினிப் பாதுகாப்புக்கான சிலாங்கூர் பிரகடனத்தை வெளியிட்டதும் இதை உணர்ந்துதான். அணையும் நிலமும் அரசாங்கத்தின் கையிலும் பெரிய கம்பெனிகளின் கையிலும் இருக்கின்றன. கேமராவின் பொத்தானோ நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நம் வசத்தில் உள்ளதைச் செய்யாமல் பிறர் வசத்தில் உள்ளதைக் குறை கூறுவது நேர்மையாகாது.

ஆகையினால் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். படப்போட்டி நடத்தும் சங்கங்கள், மின்மினி மரங்களில் ஃபிளாஷ் அடித்து எடுத்த படங்களை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற்பதில்லை என்று விதிமுறையிலேயே எழுதிவிட வேண்டும். பத்திரிகைகளும் அத்தகைய படங்களைப் பிரசுரிக்கலாகாது. படகு செலுத்துகிறவர்கள், பயணிகள் ஏறுமுன் நயமாக ஒரு நிமிஷம் ஒதுக்கி, எல்லோருடைய விளக்குகளும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் துடுப்பைப் போட வேண்டும். வட சிலாங்கூரின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் போதிக்கும் ஆசிரியர்கள், ஒரு பழைய கேமராவையும் ஒரு சிறு ஃபிளாஷையும் கொண்டு, கூன்வண்டையும், ஓலையைத் தின்னும் பைப்புழுவையும், அதை வேட்டையாடும் பூச்சிகளையும் மாணவர்களைக்கொண்டே படமெடுக்கச் செய்யலாம்; தம்மைச் சூழ்ந்துள்ள உலகைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தைக் கற்றுத்தர இதைவிடச் செலவு குறைந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

வாசகர்களில் மேக்ரோ படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை இதுவே: விலையுயர்ந்த ஃபிளாஷுக்காகக் காத்திராமல் எளிய ஒன்றை வாங்கி, டிஃப்யூசரைக் கையாலேயே செய்துகொண்டு, காலையில் தோட்டத்துக்குப் போங்கள், இரவில் கம்போங் குவாந்தானுக்குப் போகும்போது அந்த ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.