மருந்தைச் சோதிப்பவருக்கு மாலை வகுப்பு வேண்டும்

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஆலையின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அந்தச் செய்தியோடு முடிந்துவிடாத கேள்வி ஒன்று இருக்கிறது. அரசு ஆய்வகம் மிகக் குறுகிய நேரத்தில் கண்டுபிடித்த நஞ்சு, மருந்து ஆலையை விட்டு வெளியேறும் முன் ஏன் கண்ணில் படவில்லை? சோதனை முறை நூலில் இருக்கிறது. கருவி சந்தையில் கிடைக்கிறது. கருவியின் முன் நின்று, அது காட்டுவதைப் புரிந்துகொண்டு, ‘இந்தத் தொகுதி வெளியே போகக் கூடாது’ என்று சொல்லும் பயிற்சியும் துணிவும் உள்ள மனிதர் எத்தனை ஆலைகளில் இருக்கிறார்?

அந்த நச்சுப்பொருளைக் கண்டறிவது வாயு வண்ணப்பிரிகை முறை. மாத்திரை, ஊசி மருந்து, மூலப்பொருள் என்று மருந்துத் தொழிலின் அன்றாடச் சோதனைகளில் பெரும்பகுதியைச் சுமப்பது அதன் உடன்பிறப்பான திரவ வண்ணப்பிரிகை. ஆய்வகத்தில் எல்லோரும் எச்.பி.எல்.சி. என்றே சொல்வார்கள். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வடிகட்டி, சில மைக்ரோலிட்டர் கரைசலைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். உயர் அழுத்தத்தில் அது சிலிக்கா துகள்கள் அடைத்த எஃகுக் குழாய் வழியே போகிறது. துகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. கரைசலில் உள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளியேறி, கணினித் திரையில் முகடுகளாக எழுகின்றன. ஒவ்வொரு முகட்டின் பரப்பும் ஒரு பொருளின் அளவு. பாரசிட்டமால் மூலப்பொருளில் 4-அமினோபீனால் என்ற மாசு பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலான ஐரோப்பிய பார்மகோபியா. கண்ணும் நாக்கும் காட்டிக்கொடுக்காத இப்படிப்பட்ட மாசை இந்த முகடுகள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

பொத்தானை அழுத்த ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். முகடு ஏன் வால் நீண்டு சரிகிறது, நேற்று ஆறாவது நிமிடத்தில் வந்தது இன்று ஏன் ஏழாவது நிமிடத்தில் வருகிறது, பம்ப்பின் அழுத்தம் ஏன் ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் ஒரு நாளில் பிடிபடாது. கரைப்பானில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம். உப்புக் கரைசலின் அமிலத்தன்மை சற்றே மாறியிருக்கலாம். பாஸ்பேட் உப்புக் கரைசல் ஓடிய குழாயைத் தண்ணீரால் கழுவாமல் நேரே அசிட்டோநைட்ரைல் ஏற்றினால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பல ஆயிரம் ரூபாய்க் குழாய் அன்றோடு பாழ். ஒரே நிர்ணயக் கரைசலை ஐந்து முறை செலுத்தி, முடிவுகளின் விலகல் 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாதிரியைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கும் கைப்பழக்கத்தில்தான் வரும்.

நம் வேதியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கைப்பழக்கம் கிடைப்பதே இல்லை. வண்ணப்பிரிகையின் தத்துவத்தைப் படித்துத் தேர்வெழுதுகிறார்கள். கருவி இருக்கும் கல்லூரிகளிலும் அது ஆராய்ச்சி மாணவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். இளநிலை மாணவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று செய்முறை விளக்கம் பார்த்துத் திரும்புவார். கரையில் நின்றே நீச்சல் கற்ற கதைதான். பட்டம் வாங்கிக்கொண்டு மருந்து ஆலைக்குப் போனால் ‘எச்.பி.எல்.சி. அனுபவம் உண்டா?’ என்பதே முதல் கேள்வி. அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு அனுபவம் இல்லை. இந்த இடுக்கில்தான் சில வாரங்களில் சான்றிதழ் கொடுக்கும் தனியார் மையங்கள் முளைக்கின்றன. கட்டணம் கட்ட வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. கருவியைத் தொட்ட நேரம் மிகக் குறைவு.

வேலையில் சேர்ந்தவர்களின் நிலையும் மேலானதல்ல. மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்கிறார். நல்ல மூத்தவர் வாய்த்தால் நல்ல பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தவறான பழக்கமும் இதே வழியில்தான் பரவுகிறது. சோதனையில் தேறாத தொகுதியை, காரணம் தேடாமல், தேறும் வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது அப்படிப்பட்ட ஒரு பழக்கம். அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் வழக்கில் 1993-இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றம் இதைக் கண்டித்தது. தேறாத முடிவு வந்தால் முதலில் அதன் காரணத்தை விசாரிக்க வேண்டும் என்ற விதி உலக மருந்துத் தொழிலில் நிலைபெற அந்தத் தீர்ப்பு வழிவகுத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் பட்டப்படிப்புகளில் இதற்கு உரிய இடம் இல்லை. முகட்டின் அடிக்கோட்டைக் கையால் சற்றே இழுத்து எண்ணை மாற்றிவிட முடியும் என்பதைப் பணியிடத்தில் யாரோ ஒருவர் காட்டித்தருகிறார். ஏன் அப்படிச் செய்யக் கூடாது, செய்தால் கணினியின் தணிக்கைப் பதிவில் அது எப்படிப் படிந்து நிற்கும், விழுங்கும் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமில்லை.

இதன் விலை சிறியதல்ல. 2022 நவம்பரில் அகமதாபாத் அருகே உள்ள ஒரு மருந்து ஆலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் நுழைந்தபோது, கிழிக்கப்பட்ட ஆவணங்கள் மூட்டைகளில் கிடந்தன. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஊழியர் ஒருவர் பதிவுச் சீட்டுகள் கிடந்த குப்பைத் தொட்டியில் அமிலம் ஊற்றியதையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணமானது. இதில் நிர்வாகத்தின் பொறுப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமிலத்தைக் கையில் எடுத்தவர் ஓர் ஊழியர். அந்த இடத்தில் நிற்கிறவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் பலத்தைத் தொழிலறிவுதான் தர முடியும்.

ஆகவே நம் கோரிக்கை: மருந்துத் திரவ வண்ணப்பிரிகைப் பகுப்பாய்வில் அரசுக் கல்லூரிகள் பகுதி நேரச் சான்றிதழ் படிப்பைத் தொடங்க வேண்டும். பகுதி நேரம் என்று அழுத்திச் சொல்கிறோம். இதைப் படிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு எம்.பார்ம். படி என்று அவர்களிடம் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு முழுவதும் ஆய்வகம் என்று ஆறு மாதம் நடத்தினால் போதும். ஷிப்ட் மாறும் வாரத்தில் வேறு அணியோடு சேர்ந்துகொள்ள வசதி வேண்டும். ஒரு கருவிக்கு நான்கு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தால் மீண்டும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் கதையாகிவிடும். பாதி இடங்கள் பணியில் இருப்போருக்கு, மீதி வேலை தேடும் வேதியியல், மருந்தியல் பட்டதாரிகளுக்கு. இரவில் வீடு திரும்ப வேண்டிய பெண்களை மனத்தில் வைத்து வகுப்பு நேரத்தையும் பேருந்து வசதியையும் முடிவு செய்ய வேண்டும்.

முன்மாதிரி இல்லாமல் இதைக் கேட்கவில்லை. டிப்ளமோ முடித்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் படித்துப் பொறியாளராகும் பகுதி நேர பி.இ. படிப்பை அரசு பொறியியல் கல்லூரிகள் பல காலமாக நடத்திவருகின்றன. தொழிலாளியின் நேரத்துக்குக் கல்லூரி வளைந்துகொடுத்தது; தரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசு மருந்தியல் படிப்புகள் இருக்கின்றன. சென்னையில் அரசின் மருந்துச் சோதனை ஆய்வகமும் இருக்கிறது. அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர்களைவிட நல்ல ஆசிரியர்கள் இந்தப் படிப்புக்கு வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள்.

செலவு அதிகம் என்பார்கள். கருவி விலை கூடியதுதான். கரைப்பான் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கல்லூரிகளில் ஏற்கெனவே வாங்கிய கருவிகள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகின்றன. கரைப்பானுக்கும் குழாய்க்கும் ஆகும் செலவை, பயிற்சி பெற்ற ஆளை வேலைக்கு எடுக்கும் ஆலைகள் பகிர்ந்துகொள்ளட்டும். ஆலைகளே பயிற்சி தரட்டும் என்ற வாதமும் உண்டு. பெரிய நிறுவனங்கள் தருகின்றன. ஆலத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஒரே ஒரு எச்.பி.எல்.சி. கருவியை வைத்துக்கொண்டு பகல் முழுக்கச் சோதனை ஓட்டும் சிறிய ஆலை அதை எப்படிப் பயிற்சிக்கு ஒதுக்கும்?

காலமும் நெருக்குகிறது. மருந்து உற்பத்திக்கான நல்வழக்கங்களை வகுக்கும் அட்டவணை எம் திருத்தப்பட்டு 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 250 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சிறு, நடுத்தர ஆலைகளுக்குத் தரப்பட்ட அவகாசம் 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. கட்டடத்தையும் கருவியையும் கடன் வாங்கிப் புதுப்பித்துவிடலாம். தேர்ந்த பகுப்பாய்வாளரை அப்படி வாங்க முடியாது. அவரை உருவாக்கத்தான் வேண்டும்.

உயர்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பாடத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். தேர்வில் எழுத்துத் தாளைவிடக் கருவியின் முன் செய்து காட்டுவதற்கே அதிக மதிப்பெண் தர வேண்டும். இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவரைப் பகுப்பாய்வுப் பணிக்கு அங்கீகரிக்கும்போது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முன்னுரிமை தர வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வரும் கல்வியாண்டிலேயே முதல் வகுப்பு தொடங்கட்டும்.