முகூர்த்தப் புடவையும் ஒரு வருஷப் படிப்பும்

காஞ்சிபுரத்தில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டுக் கல்யாணங்களின் வரவுசெலவை அவன் கடைவீதியிலேயே பார்த்துவிடலாம். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் பெண்ணைப் பெற்றவர்கள் விரிப்பில் உட்கார்ந்து, ஒரு முகூர்த்தப் புடவைக்காக இருபது புடவைகளைப் பிரிக்கச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. "ஒரே பெண், செய்யாமல் முடியுமா?" என்கிறார்கள்.

அதே பெண், "வெளிநாட்டுச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருஷம் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பணம் இல்லையாம். குளிர் ஒத்துக்கொள்ளாதாம். தனியாக எப்படி இருப்பாளாம். பையன் கேட்டால் வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகிறது. அவனுக்கு மட்டும் குளிர் ஒத்துக்கொள்கிறது!

உண்மையிலேயே பணமில்லாத வீட்டைப் பற்றி நான் பேசவில்லை. அந்தப் புடவையை நெய்கிறவர் வீட்டிலேயே அதை வாங்கக் கட்டுப்படியாகாது. விரிப்பில் உட்கார்ந்தவர்களைத்தான் கேட்கிறேன்.

"நம் வழக்கத்தில் இல்லையே" என்பது அவர்களுடைய கடைசி அஸ்திரம். எந்த வழக்கம்? இந்த ஊர் அமைச்சர் மகனாகிய தர்மபாலர் வடக்கே போய் நாலந்தாவின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார். அரசன் மகளை மணப்பதாக இருந்தவர், கல்யாணத்துக்கு முந்தின இரவு ஊரை விட்டு மாயமாக மறைந்து துறவியானார் என்று ஏழாம் நூற்றாண்டுச் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். ஆண்பிள்ளை கல்யாணத்தையே உதறிவிட்டுப் போனால் ஊருக்குப் பெருமை. பெண் ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொன்னால் அடங்காப்பிடாரி!

பெண்களில் யார் போனார்கள் என்கிறீர்களா? தலைச்சேரியில் பிறந்து சென்னையில் கல்லூரி ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள் 1920-களிலேயே அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூரில் கரும்பின் வம்சத்தை ஆராய்ந்து உலகப் புகழ் அடைந்தார். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

தெரியாத ஊரில் அறை பிடிக்கவும், தன் கணக்கைத் தானே பார்க்கவும், பிடிக்காத அபிப்பிராயத்துக்கு எதிரே நின்று பதில் சொல்லவும் அந்த ஒரு வருஷம் பழக்கும். பெற்றவர்கள் பயப்படுவது குளிருக்கு அல்ல, இதற்குத்தான் என்பது என் சந்தேகம். வெளியே போய் வந்தால் நம் பெண்ணாக இருக்கமாட்டாளாம். காஞ்சிப் பட்டுக்குப் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அதனால் அது நம்முடையது இல்லை என்று யாராவது சொல்கிறோமா?

கல்யாணச் செலவுப் பட்டியலில் முதல் வரியாக அவள் படிப்பை எழுதுங்கள். மிச்சத்தில் புடவை எடுக்கலாம். நூல் புடவை கட்டியிருந்தாலும் தாலி ஏறும்.