நிலையத்து வாசலில் இருந்த பஸ் நிறுத்தம் எங்கே?



போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதேகால் மணிக்குச் சென்னையின் பறக்கும் ரயிலிலிருந்து இறங்கி, எழுபத்தொரு வயதான என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்து வாசலுக்கு வந்தேன். வாசலுக்கு எதிரே, இருபதடி தூரத்தில், வருஷக்கணக்கில் இருந்த பஸ் நிறுத்தத்தைக் காணோம். கம்பத்தைப் பிடுங்கிச் சுவரோரம் படுக்கவைத்திருந்தார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அறிவிப்பு இல்லை. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்தான், “நேத்துலேருந்து சிக்னலுக்கு அந்தாண்ட மாத்திட்டாங்கம்மா” என்றார்.

சிக்னலுக்கு அந்தாண்டை என்றால் அரைக் கிலோமீட்டர். நடைபாதை பாதித் தூரம்தான் இருக்கிறது. பிறகு தோண்டிப்போட்ட மண்மேடு, கேபிள் சுருள், வரிசையாக பைக்குகள். வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பாதி வழி போவதற்குள் எங்கள் பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கையைக் காட்டினேன். நிறுத்தம் இல்லாத இடத்தில் ஓட்டுநர் எப்படி நிறுத்துவார்? அவர்மீது எனக்குக் கோபமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் என்றார்கள். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்து வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் எங்கள் இருவருக்கும் பத்து ரூபாய். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. பத்து ரூபாயில் முடிய வேண்டிய பயணம் இருநூற்று அறுபது ரூபாய் ஆனது, ஒரு கம்பத்தைப் பிடுங்கியதால்.

நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால், அங்கே வேலை பார்க்கும் யாரோ ஒரு கடைநிலை ஊழியர் தலையில்தான் பழி விழும். உத்தரவு போட்டவர் பத்திரமாக இருப்பார்.

மறுநாள் காலை விசாரிக்கப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமல் விட்டதில்லை. நிலையத்தில், “வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை” என்றார்கள். பஸ் பணிமனையில், “இடத்தை முடிவு செய்வது நாங்கள் இல்லை, போக்குவரத்து நெரிசல் என்று சொன்னார்கள், மாற்றினோம்” என்றார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாவதாகப் போன அலுவலகத்தில், நடைபாதை வேறு துறை, சாலை வேறு துறை என்று விளக்கினார்கள். ஷேர் ஆட்டோக்கள் வாசலை அடைத்துக்கொள்வதால் நெரிசலாம். அதற்காக பஸ்ஸைத் துரத்தியிருக்கிறார்கள். ஆட்டோக்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன, இப்போது இன்னும் வசதியாக.

இந்த ரயிலுக்காக நாம் எதைக் கொடுத்தோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் படகுகள் விறகும் உப்பும் ஏற்றிப்போன பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் தூணாக நட்டுத்தான் பறக்கும் ரயிலைக் கட்டினார்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. வேளச்சேரிக்கு வர 2007 ஆனது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த 5 கிலோமீட்டரை 2008-இல் தொடங்கி, பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். ஒரு நீர்வழியையே பலிகொடுத்துக் கட்டிய ரயில் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய மண்டபம் போன்ற நிலையங்கள் பல வருஷம் வெறிச்சோடிக் கிடந்ததை இந்த ஊரே பார்த்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. இறங்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வழியில்லை. ரயில் ஒரு வீட்டுப் பிள்ளை, பஸ் இன்னொரு வீட்டுப் பிள்ளை என்று வளர்த்தார்கள்.

இரண்டையும் ஒன்று சேர்ப்பதற்கென்றே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது, எல்லோரும் கும்டா என்கிறார்கள். அதற்கான சட்டம் வந்தது 2010-இல். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பிளஸ் டூ முடித்திருக்கும். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன், என் போனிலும் வைத்திருக்கிறேன். ஆனால் டிக்கெட்டை ஒன்றாக்கியவர்கள் வழியை ஒன்றாக்கவில்லையே! போனில் ரயிலும் பஸ்ஸும் ஒட்டி நிற்கின்றன. தரையில் நடுவே அரைக் கிலோமீட்டர் மண்மேடு.

“அரைக் கிலோமீட்டர் நடந்தால் என்ன, உடம்புக்கு நல்லதுதானே” என்று பணிமனையில் ஒருவர் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு, விளக்கில்லாத சாலையில், லாரிக்குப் பக்கத்தில், அறுவை சிகிச்சை செய்த காலோடு அவர் ஒருநாள் நடந்து பார்க்கட்டும். “சாலையில் இடமில்லை” என்பது அடுத்த சமாதானம். ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள். அந்த அறுபது பேரும் ஆளுக்கொரு வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் இடம் எங்கிருந்து வரும்?

நடக்கப்போவதும் அதுதான். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்மணி, சாயங்காலம் ஓர் அலுவலகத்தைத் துடைத்துக் கூட்டிவிட்டு அதே ரயிலில்தான் திரும்புவார். பெண்களுக்கான கட்டணமில்லா ‘விடியல் பயணம்’ திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து பஸ்ஸுக்கு அவர் காசு கொடுத்ததில்லை. அந்தப் பணம் பையனின் டியூஷனுக்குப் போனது. நிறுத்தம் மாறிய நாளிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார். “இருட்டுல அவ்ளோ தூரம் பயமா இருக்குக்கா, தவணையில ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்திருக்கேன்” என்று நேற்றுச் சொன்னார். ரயிலையும் பஸ்ஸையும் விட்டு இன்னொரு வண்டி சாலைக்கு வருகிறது, இன்னொரு புகைக்குழாய். 2025 ஜூனில் 120 மின்சார பஸ்களை வியாசர்பாடியிலிருந்து கொடியசைத்து அனுப்பினார்கள். தாழ்தளம், சத்தமில்லை, புகையில்லை, எனக்கும் பெருமைதான். ஏறுவதற்குக் கிட்டே ஒரு நிறுத்தம் இல்லாவிட்டால் அந்த பஸ் யாருடைய புகையைக் குறைக்கும்?

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மாதவரம் முதல் சிறுசேரி வரை ஊரே தோண்டிக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்கிறோம். அந்த ஒவ்வொரு நிலையத்துக்கும் வாசல் எங்கே என்று வரைபடம் போட்டவர்கள், வாசலில் பஸ் எங்கே நிற்கும் என்றும் அதே தாளில் வரைந்திருக்கிறார்களா? வரைந்திருந்தால் இப்போதே மக்கள் பார்வைக்கு வையுங்கள். நிலையம் திறந்த பிறகு இடம் தேடுகிற வேலை இனி வேண்டாம். கடைசி ரயில் வந்து ஐந்து நிமிஷமாவது கடைசி பஸ் காத்திருக்க வேண்டும். நிறுத்தத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் முன்பே அங்கே எழுதி ஒட்டி, உத்தரவு போட்ட அதிகாரியின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் அடியில் போட வேண்டும். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை எழுதும் முன் நேற்று மாலை மறுபடி போய்ப் பார்த்தேன். கம்பம் சுவரோரம் அப்படியேதான் கிடக்கிறது. அதைப் பிடுங்கிய குழியையும் யாரும் மூடவில்லை. சம்பந்தப்பட்டவர் யாராக இருந்தாலும், அந்தக் கம்பத்தை எடுத்து அதே குழியில் நடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வேளச்சேரி, சென்னை.