யானையின் அருகில் ஒரு வீடு

ஊரில் பெரும் பண்ணையாருக்கு வேலி தேவையில்லை. அவருடைய பெயரே அவருக்கு வேலி. நிலமே இல்லாத கூலியாளுக்கும் வேலி தேவையில்லை. வரப்பு ஒழுங்காக இருக்கிறதா, கிராமக் கணக்கில் தம் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா, வாய்க்கால் தண்ணீர் முறைப்படி வருகிறதா என்று ஓயாமல் கவலைப்படுகிறவர் மூன்று ஏக்கர் நிலமுள்ள நடுத்தரக் குடியானவரே. ஊரில் சட்டமும் முறையும் நிலைத்தால் அவர் வாழ்வார். வலுத்தவன் வைத்ததே சட்டம் என்றாகிவிட்டால் முதலில் இழப்பவர் அவரே.

நாடுகளின் உலகிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். வல்லரசுகள் ஒப்பந்தங்களை மீறினாலும் அவற்றைத் தட்டிக் கேட்பார் அரியர். மிகச் சிறிய நாடுகளுக்கோ எவரேனும் ஒருவரின் நிழலில் ஒதுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் நாடுகள் எங்ஙனம் பிழைக்கின்றன? உலகம் நிலைகுலையும் காலங்களில் அவை தங்கள் வெளிநாட்டுக் கொள்கையை எவ்வாறு வகுத்துக்கொள்கின்றன? இத்திங்கள் கனடா நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

நிலப்பரப்பில் கனடா உலகின் இரண்டாவது பெரிய நாடு. ஆனால் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே. நம் தமிழ்நாட்டின் மக்கள்தொகையைவிட மிகக் குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் அதற்குள்ள எல்லை, அலாஸ்காப் பகுதியையும் சேர்த்து, 8,891 கிலோமீட்டர் நீளமுடையது. இரு நாடுகளுக்கிடையே உள்ள எல்லைகளில் உலகிலேயே நீளமானது இதுவே. 1969-ஆம் ஆண்டு வாஷிங்டன் சென்ற கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ, அமெரிக்காவின் அருகில் வாழ்வது யானையின் பக்கத்தில் படுத்து உறங்குவதைப் போன்றது என்றார். அவ்விலங்கு எவ்வளவு சாதுவாக இருப்பினும், அதன் ஒவ்வோர் அசைவும் அருகிலிருப்பவரைப் பாதிக்கும் என்பது அவர் கருத்து.

சொந்தக் குரல்

இந்நாட்டிற்குத் தனக்கென ஒரு குரல் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1914-இல் பிரிட்டன் போர் அறிவித்தபோது கனடாவும் தானாகவே போரில் இறங்கியதாகக் கருதப்பட்டது. எவரும் அதனைக் கேட்கவில்லை. அம்முதல் உலகப் போரில் 60,000-க்கும் மேற்பட்ட கனடிய வீரர்கள் மாண்டனர். இவ்வளவு குருதி சிந்திய பின், 'இனி எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதா இல்லையா என்பதை நாங்களே முடிவு செய்வோம்' என்னும் எண்ணம் அங்கே வலுப்பெற்றது. 1931-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்தது. 1939-இல் பிரிட்டன் செப்டம்பர் 3-ஆம் நாள் போர் அறிவித்தது. கனடாவோ தன் பாராளுமன்றத்தைக் கூட்டி விவாதித்து, செப்டம்பர் 10-ஆம் நாள் தன் பெயரிலேயே போர் அறிவித்தது. அந்த ஒரு வார இடைவெளிக்காக ஒரு தலைமுறை உழைத்தது எனலாம்.

1945-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சாசனம் உருவானபோதும் கனடா இதே கருத்தை வலியுறுத்திற்று. பாதுகாப்புச் சபையில் இடம் பெறாத ஒரு நாட்டின் படையைக் கேட்கும்போது, அப்படையைப் பயன்படுத்தும் முடிவில் அந்நாட்டிற்கும் பங்கு வேண்டும் என்று அது வாதாடியது. சாசனத்தின் 44-ஆம் விதி அவ்வாதத்தின் பயன் ஆகும்.

சூயஸ் தந்த பாடம்

1956-ஆம் ஆண்டு கனடாவைப் பெரும் சோதனை எதிர்கொண்டது. எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதனைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அமெரிக்கா இத்தாக்குதலைக் கண்டித்தது. கனடாவின் தாய்நாடு எனப்பட்ட பிரிட்டன் ஒருபுறம், அண்டை நாடான அமெரிக்கா மறுபுறம். எப்பக்கம் சேர்ந்தாலும் இழப்பு உண்டு.

கனடாவின் அயல்துறை அமைச்சர் லெஸ்டர் பியர்சன் வேறொரு வழியைத் தேடினார். சண்டையிடுவோர் நடுவே ஐ.நா.வின் கொடியுடன் ஒரு படை நிற்கட்டும். அதன் மறைவில் தாக்கியவர்கள் மானம் கெடாமல் பின்வாங்கட்டும் என்றார். நவம்பர் 4-ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை அத்திட்டத்தை ஏற்றது. ஆதரவு 57, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 19 நாடுகள் வாக்களிக்கவில்லை. அப்படையின் தலைவராகக் கனடியத் தளபதி பர்ன்ஸ் அமர்த்தப்பட்டார். நம் இந்திய வீரர்களும் அதில் பணியாற்றினர். 1957-இல் பியர்சனுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இதற்குக் கனடா ஒரு விலையும் கொடுத்தது. பிரிட்டனைக் கைவிட்ட நன்றியற்றவர்கள் என்று உள்நாட்டில் பலர் தூற்றினர். 1957 தேர்தலில் பியர்சனின் கட்சி ஆட்சியை இழந்ததற்கு இச்சினமும் ஒரு காரணம் என்பர். இன்னொரு நிகழ்ச்சியும் சிந்திக்கத்தக்கது. கனடா முதலில் அனுப்பவிருந்த காலாட்படையின் பெயரிலேயே 'அரசி' என்னும் சொல் இருந்தது. அவ்வீரர்களின் உடையும் பிரிட்டிஷ் வீரர்களின் உடையைப் போன்றே இருந்தது. எகிப்து அவர்களை ஏற்க மறுத்தது. தன்னை நடுநிலையாளர் என்று சொல்லிக்கொண்ட நாடு, பார்வைக்குத் தாக்கியவரின் தம்பியைப் போலவே நின்றது! இறுதியில் செய்தித் தொடர்பு, போக்குவரத்து போன்ற துணைப் பிரிவுகளையே கனடா அனுப்ப நேர்ந்தது. பியர்சன் இதனை மறக்கவில்லை. பின்னர் அவர் பிரதமராயிருந்த காலத்தில், நீண்ட பாராளுமன்ற விவாதத்திற்குப் பிறகு, 1965 பிப்ரவரி 15-ஆம் நாள் மேப்பிள் இலை பொறித்த புதிய கொடி ஏறியது.

பகைக்காமல் மறுத்தல்

யானையின் அருகில் வாழ்பவர் அதனோடு பகைத்தும் வாழ முடியாது. அது போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்தும் வாழ முடியாது. கனடா இந்த இரண்டிற்கும் இடையே வழி கண்ட சில தருணங்களைப் பார்ப்போம்.

1965 ஏப்ரலில் பிரதமர் பியர்சன் அமெரிக்க மண்ணிலேயே, பிலடெல்பியா நகரில் பேசியபோது, வட வியட்நாம் மீதான குண்டுவீச்சைச் சிறிது காலம் நிறுத்திவைக்குமாறு ஆலோசனை கூறினார். மறுநாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவரைத் தனியே கண்டு கடுமையாகக் கடிந்துகொண்டார். ஆயினும் அவ்வாண்டு ஜனவரியில் இருவரும் கையெழுத்திட்ட மோட்டார் வாகன ஒப்பந்தம் முறியவில்லை. கனடா வியட்நாமுக்குப் போர்ப்படை அனுப்பவுமில்லை.

1970-இல் கனடா மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. தைவான் தன்னுடையது என்று சீனா வலியுறுத்தியது. கனடா அதனை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'அக்கருத்தைக் கவனத்திற்கொள்கிறோம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டது. இச்சொற்றொடரைப் பின்னர் வேறு பல நாடுகளும் கைக்கொண்டன. அமெரிக்கா அதே சீனத்தை முறைப்படி அங்கீகரிக்க 1979 வரை ஆயிற்று.

2003 மார்ச் 17-ஆம் நாள், ஈராக் மீதான போருக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் இசைவு இல்லாததால் அதில் கனடா பங்குபெறாது என்று பிரதமர் ஜான் கிரெத்தியன் பாராளுமன்றத்தில் அறிவித்தார். தனக்குப் பிடித்த தீர்ப்பை மட்டும் ஏற்பவனுக்கு வரப்புத் தகராறில் ஊர்ப் பஞ்சாயத்து துணை நிற்காது என்பதை அந்நாடு உணர்ந்திருந்தது.

பங்குக் குடும்பங்கள் செய்த பணி

வெளிநாட்டுக் கொள்கை என்பது அமைச்சர்களும் தூதர்களும் மட்டுமே ஆற்றும் செயல் என்று நாம் எண்ணுகிறோம். கனடாவின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து தப்பியோடி வந்த 60,000 அகதிகளைக் கனடா ஏற்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை ஏற்றுப் பேணியவர்கள் கோவில் பங்குகளும் அண்டை அயல் குடும்பங்களுமே. ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்றால் ஓர் அகதிக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் தந்தது. வாடகை வீடு, குளிருக்குக் கம்பளி உடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஓராண்டுச் செலவு ஆகியவற்றை அக்குடும்பங்களே ஏற்றன. 1986-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தன் நான்சன் பதக்கத்தைக் 'கனடிய மக்கள்' அனைவருக்குமாக வழங்கியது.

அதே 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை அவ்வூர் மீனவர்கள் கரை சேர்த்தனர். எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபோதும் அரசு அவர்களைத் தங்க அனுமதித்தது. ஒரு நாட்டின் சொல்லுக்கு உலகில் மதிப்பு ஏற்படுவது இத்தகைய செயல்களால் அன்றோ!

அம்மதிப்பின் பயன் 1997-இல் தெரிந்தது. வயலில் உழும் விவசாயியின் காலையும் விளையாடும் குழந்தையின் கையையும் பறிக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்ய வல்லரசுகள் முன்வரவில்லை. கனடாவின் அயல்துறை அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, விருப்பமுள்ள நாடுகள் ஓராண்டிற்குள் ஒட்டாவா நகருக்கு வந்து கையெழுத்திடட்டும் என்று அழைத்தார். 1997 டிசம்பரில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. திருப்பீடமும் அவற்றுள் ஒன்று. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியவை இன்றுவரை அதில் சேரவில்லை. 2025-இல் ரஷ்யாவிற்கு அஞ்சிப் பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் ஆகியவை விலகும் முடிவை அறிவித்தன. அச்சம் மிகுந்தால் நல்ல ஒப்பந்தங்களும் தளர்கின்றன என்பது வருந்தத்தக்க உண்மை.

வேயப்படாத கூரை

கனடாவைப் புகழ்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. 1993-இல் சோமாலியாவில் சமாதானப் பணிக்குச் சென்ற கனடிய வீரர்கள் ஓர் இளைஞனைச் சித்திரவதை செய்து கொன்றனர். அவமானம் தாங்காமல் அப்படைப்பிரிவே 1995-இல் கலைக்கப்பட்டது. 2010-இலும் 2020-இலும் பாதுகாப்புச் சபையின் இடத்திற்குப் போட்டியிட்டு கனடா தோற்றது. தாத்தா சேர்த்த நற்பெயரைப் பேரன் செலவழித்துக்கொண்டே இருந்தால் அது ஒருநாள் தீர்ந்துபோகும்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. 1971 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் நிக்சன் இறக்குமதிப் பொருள்களின் மீது திடீரென 10 சதவீத மேல்வரி விதித்தார். கனடாவுக்கும் விலக்கு அளிக்கவில்லை. அதிர்ந்துபோன கனடா, 1972-இல் மூன்று வழிகளை ஆராய்ந்தது: இருப்பதைப் போலவே இருப்பது, அமெரிக்காவுடன் மேலும் இணைவது, பிற நாடுகளுடன் வாணிகத்தைப் பெருக்கி அமெரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைப்பது. அயல்துறை அமைச்சர் மிட்செல் ஷார்ப் மூன்றாவது வழியைப் பரிந்துரைத்தார். 1976-இல் ஐரோப்பியச் சமூகத்துடன் ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது. ஆனால் நிக்சனின் வரி சில மாதங்களிலேயே நீங்கிவிட்டது, அச்சமும் நீங்கிற்று. அருகிலிருக்கும் பெரிய சந்தையில் விற்பதே வணிகர்களுக்கு எளிதாயிருந்தது. 1989-இல் அமெரிக்காவுடன் சுதந்திர வாணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் கனடாவின் சரக்கு ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்கே சென்றது.

2025-இல் யானை புரண்டு படுத்தது. குடியரசுத் தலைவர் டிரம்ப், கனடா அமெரிக்காவின் 51-ஆவது மாநிலமாகச் சேரட்டும் என்று பேசினார். மார்ச் மாதம் கனடியப் பொருள்கள் பலவற்றின் மீது 25 சதவீத வரி விதித்தார். கனடா பதில் வரி விதித்தது. அம்மாதமே பதவியேற்ற பிரதமர் மார்க் கார்னி, தம் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் வாஷிங்டனுக்குப் போகாமல் பாரிசுக்கும் லண்டனுக்கும் சென்றார். ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்துடன் பாதுகாப்பு உடன்பாடு கையெழுத்தாயிற்று. உள்நாட்டு மாகாணங்களுக்கிடையே இருந்த வாணிகத் தடைகளைக் குறைக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் எழுதிவைத்த அதே மூன்றாவது வழியை, 53 ஆண்டுகள் கழித்து, நெருக்கடியின் நடுவே அந்நாடு மீண்டும் தேடியது.

நடுத்தர நாடுகள் அனைத்திற்கும் இதில் பாடம் உண்டு. சட்டத்தின் பக்கம் நிற்பது அவற்றிற்கு அறமும் ஆகும், தற்காப்பும் ஆகும். அந்நிலைக்கு விலை உண்டு. தலைவர்கள் அதைக் கொடுக்கத் துணியவேண்டும், மக்களும் அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். பிறர் துன்பத்தில் கதவைத் திறந்த நாட்டிற்குத் தான் துன்புறும்போது தட்டுவதற்குச் சில கதவுகளேனும் இருக்கும். இவை எல்லாவற்றுடன், சந்தைகளையும் நட்புகளையும் அமைதியான ஆண்டுகளிலேயே பலவாக்கிக்கொள்ளவேண்டும். கலகம் மூண்ட பின் தேடினால் எதற்கும் இரட்டை விலை.

நம் குடும்பங்களில் நாளேட்டை விரிப்பவர்கள், எந்த வல்லரசு எந்த வல்லரசை மிரட்டியது என்பதையே முதலில் படிக்கிறார்கள். அப்பக்கத்தின் மூலையில், பெயர் பெறாத ஏதோ ஒரு நாடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தியும், ஏதோ ஓர் ஊர் அகதிகளுக்கு இடம் தந்த செய்தியும் இருக்கக்கூடும். அவற்றையும் படிப்போம், பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போம். மழைக்கு முன் கூரை வேய்பவர்களின் செய்தி அது.