தடுமாறிய ஹெரால்டு

நாற்பது ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காரை இன்னும் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களுள் மிகச் சிலவே இருக்கும். ஆனாலும் இம்மாதப் பகுதி நமக்குரியதன்று என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். கெட்டது எது என்று தெரியுமுன்னரே அதற்கு விலை பேசத் துணிந்துவிடும் பழக்கம் கார் வைத்திருப்போரிடம் மட்டும் இருப்பதன்று.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தாம்பரத்தில் வாழும் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திற்குப் புறப்பட்டோம். காரை ஓட்டியவர் நண்பர். அருகே அவருடைய தாயார். எண்பதை நெருங்கும் மூதாட்டி. கார், அவர் கணவர் 1969-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இந்தக் காரைப் பற்றி ஒரு சொல். நம் பகுதியிலேயே, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்யப்பட்டது அது. 1961 முதல் அங்கே ஹெரால்டு வெளிவந்தது. 1972-இல் அதன் வழியில் கெசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரைச் செய்து பார்த்தார்கள். 1988-இல் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் அந்த ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து பழகிய குடும்பங்கள் உண்டு. ஹெரால்டின் முன்மூடி, பக்கத் தகடுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுவதும் மேசைமேல் வைத்த பாத்திரம்போல் திறந்து நிற்கும். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

வண்டி சில மாதங்களாகவே இழுக்கவில்லை என்பதைப் புறப்படும்போதே நண்பர் கூறினார். நகரத்துப் பணிமனை ஒன்றில் காட்டியபோது, முன்மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "எஞ்சின் இறக்கவேண்டும், போர் செய்து பிஸ்டன் மாற்றவேண்டும்" என்று சொல்லி, அறுபதாயிரம் ரூபாய்க்குக் கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவ்வளவு செலவழிப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே நன்று என்று நண்பர் முடிவு செய்திருந்தார். தாயாரிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அந்தக் காரில் அவரை ஒருமுறை மாதாவிடம் அழைத்துச் சென்றுவிட்டு, பிறகு சொல்லலாம் என்பது அவர் எண்ணம்.

கூடுவாஞ்சேரி வரை குறையில்லை. மறைமலைநகரைக் கடக்கும்போது எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலை அடைந்தபோது, மிதித்தாலும் வேகம் ஏறாமல், சீரான ஒலிக்கு நடுவே அடிக்கடி ஓர் அடி விட்டுவிட்டுப் போயிற்று. இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். திருப்பெரும்புதூருக்குப் பிரியும் சாலையருகே ஒரு கொட்டகையில் முதிய மெக்கானிக் ஒருவர் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தோம்.

அப்பெரியவர் முன்மூடியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தாம். "குளிர்ந்திருக்கும்போதும் மிஸ் ஆகிறதா, சூடான பிறகுதானா? நின்றிருக்கும்போதா, ஓடும்போதா? மழையில் அதிகமாகிறதா? வேகம் ஏறாதபோது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறதா?" கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சினுக்கு அதில் பங்கில்லை. பின்பு நான்கு சக்கரங்களின் டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கியரை எடுத்துவிட்டு எங்களைத் தள்ளச் சொன்னார். வண்டி தடையின்றி உருண்டது. பிரேக் இறுகிப் பிடித்தாலும் 'இழுவை இல்லை' என்றுதானே தோன்றும்! அது இல்லை என்று உறுதியான பிறகே எஞ்சின் பக்கம் வந்தார்.

இங்கே எஞ்சினைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஹெரால்டு, அம்பாசிடர், பத்மினி மூன்றிலும் நான்கு சிலிண்டர்கள். அவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. தண்டு இருமுறை சுழன்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்திற்கு 800 சுற்று என்று மெதுவாக ஓடும்போதே 1600 வெடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பொருள்கள் தேவை: உரிய நேரத்தில் தீப்பொறி, அளவான பெட்ரோல் காற்றுக் கலவை, அதை இறுக்கிப் பிடிக்கும் அமுக்கம். எது குறைந்தாலும் மிஸ்ஸிங்தான். ஒரு சிலிண்டர் முற்றிலும் நின்றால் கால் பங்கு ஆற்றல் போவதோடு, மற்ற மூன்றும் அதனையும் சேர்த்துச் சுமக்கின்றன.

பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடியுள்ள குறட்டால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினார். நன்றாக இருக்கும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓசை தடுமாறி வேகம் குறையும். எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ, அதுவே முன்பே படுத்துவிட்ட சிலிண்டர். அப்படி ஒன்று அகப்பட்டிருந்தால் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருப்பார். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பொறி இல்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வுப் பக்கத்தில் தேய்மானம். ஐயமான பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, குறையும் கூடவே போகிறதா என்று பார்ப்பது காசில்லாச் சோதனை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற கரிக்கோடு இருந்தாலும் பொறி வழிதவறும். இருட்டில் முன்மூடியைத் திறந்தால் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

(இதய மின்கருவி பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சின் அருகே செல்லவேண்டாம். கணினி பொருத்திய இக்காலக் கார்களில் வயரைக் கழற்றும் சோதனையைச் செய்யவும் கூடாது. காயிலும் புகைவடிகட்டியும் பாழாகும். அவற்றில் கருவியைச் செருகினால் எந்தச் சிலிண்டர் என்பதை எண்ணே காட்டிவிடும்.)

ஹெரால்டில் நான்கு வயருக்கும் ஓசை ஒரேபோல் குறைந்தது. "தனி ஆள் குற்றம் இல்லை தம்பி; நாலு பேருக்கும் பொதுவான இடத்தில் கோளாறு" என்றார் பெரியவர். நமக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

பொதுவான இடங்கள் இரண்டு: பொறி பிறக்கும் இடம், பெட்ரோல் வரும் வழி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நண்பரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அதன் முனைகளுக்கிடையே பளிச்சென்று நீலச்சுடர் அடித்தது. அங்கே அப்படிச் சுடர் தெரியலாகாது. 1910-ஐ ஒட்டி அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறை இது: பாயிண்ட் திறக்கும் நொடியில் 12 வோல்ட் மின்னோட்டம் சட்டென அறுபடவேண்டும், அப்போதுதான் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பாயும். அறுபடும் மின்சாரம் பாயிண்ட் முனையில் தாவிவிடாமல் வாங்கிக்கொள்வது கண்டென்சர் என்னும் சுண்டுவிரல் அளவுச் சிமிழ். அது சோர்ந்தால் பொறி வலுவிழக்கும், பாயிண்ட் கருகும். குளிர்ச்சியில் ஒழுங்காயிருந்து, அரைமணி ஓட்டத்தில் சூடேறியதும் காலை வாரும் சாதனங்களுள் அதற்கும் காயிலுக்கும் முதலிடம் உண்டு. அதனால்தான் முதல் கேள்வியே சூட்டைப் பற்றி!

பெரியவர் உடனே புதிது வாங்கச் சொல்லவில்லை. தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய நல்ல கண்டென்சரை எடுத்து, ஒரு கம்பியால் வெளியிலேயே இணைத்துப் பார்த்தார். தடுமாற்றம் நின்றது. அதன் பிறகே கடைக்கு ஆள் போயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சோதனை ஓட்டத்தில் எஞ்சின் சீராக ஓடிற்று. ஆயினும் டாப் கியரில் மிதித்தால் மூச்சு முட்டியதுபோல் தளர்ந்தது. இரண்டு நோய்கள் ஒரே படுக்கையில் கிடந்திருக்கின்றன. முதலில் பெட்ரோல் டாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டச் சொன்னார். மூடியின் காற்றுத் துளை அடைபட்டால் டாங்கியினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது; திறந்தால் 'உஸ்' என்னும். அதுவும் இல்லை. ஏசி பம்பை நெம்புகோலால் கையால் அடித்தார், பெட்ரோல் வந்தது. பிறகு, டாங்கியிலிருந்து வரும் உலோகக் குழாயைப் பம்போடு இணைக்கும் ஒரு சாண் ரப்பர் குழாயை விரல்களால் அமுக்கினார். வெந்த கத்தரிக்காய்போல் நசுங்கியது. அறுத்துப் பார்த்தால் உட்புறம் உப்பி, தோல் உரிந்து தொங்கிற்று. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் எப்படியோ கசிந்து வந்திருக்கிறது. பம்பு வேகமாக இழுக்கும்போது குழாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதைப் பழைய கார் வைத்திருப்போர் கருத்தில் கொள்ளவேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை மென்மையாக்கும், ஈரத்தை ஈர்க்கும், டாங்கியின் அடியில் ஆண்டாண்டாகப் படிந்த கசடைக் கிளப்பிவிடும். கார்புரேட்டர் கார்களில் கலவையைச் சற்று மெலியவும் செய்கிறது. ஹெரால்டு பிறந்த நாளில் இப்படி ஒரு பெட்ரோலை எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். எத்தனாலுக்கு ஏற்ற குழாய்களும் பம்பின் டயாப்ரமும் இப்போது கிடைக்கின்றன. குழாய்களை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. சூடான எஞ்சினருகே பெட்ரோல் குழாய் வெடித்தால் இழுவைக் குறைவு அன்று, தீயே விளையும்.

நகரத்துப் பணிமனையை முற்றிலும் பழிக்கவும் நமக்கு மனமில்லை. நீலப்புகை வந்து, எண்ணெய் குறைந்து, அமுக்கமும் தாழ்ந்திருந்தால் அவர்கள் சொன்னதே சரியாயிருக்கும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றபின், பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்ந்து அமுக்கம் போவதும் உண்டு. நம் குறை ஒன்றே: அவர்கள் அளந்து பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுற்றினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒரு சிலிண்டரில் குறைவு என்றால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டும் தாழ்ந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம். எஞ்சினை இறக்குமுன் இதைக் கேட்டு, எண்ணைத் தாளில் எழுதி வாங்குவது சொந்தக்காரரின் உரிமை. மறுவாரம் நண்பர் அதைச் செய்தார். நான்கு சிலிண்டரும் 120-க்கும் 130 பவுண்டுக்கும் இடையே நின்றன.

அன்று கண்டென்சர், பாயிண்ட், குழாய், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய் ஆயிற்று. தாயார் பனையோலை விசிறியோடு மர நிழலில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "இன்னும் எத்தனை நாள் ஓடும் ஐயா?" என்று பெரியவரைக் கேட்டார்.

"எண்ணெயும் தண்ணியும் பாருங்கம்மா, அது பாட்டுக்கு ஓடும்."

பழைய கண்டென்சரைத் தாளில் சுற்றி, 'கெட்டது' என்று எழுதி நண்பரிடம் கொடுத்தார் அவர். தூக்கி எறியச் சொல்லவில்லை. நல்லதோடு சேர்ந்து கிடந்து, நாளைக்கு யாராவது மறுபடியும் மாட்டிவிடக் கூடாதாம். அச்சிறுபாக்கம் சேர்ந்தபோது உச்சிவெயில். இரும்புக் கடைப் பேச்சை நண்பர் அதன் பிறகு எடுக்கவில்லை.