அறை எடுக்கும் முன் வழியைப் பார்ப்போம்

மிளகாய் வற்றல் விற்றுக் கணக்கு முடித்த பின் வரும் கோடை விடுமுறையில்தான் விளாத்திகுளம் வட்டாரத்துக் குடும்பங்கள் பல வெளியூர்ப் பயணம் புறப்படுகின்றன. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்கு வேன் பிடிக்கிறோம். வண்டி வாடகை, சாப்பாடு, அறை வாடகை எல்லாம் விசாரிக்கிறோம். தங்கும் விடுதியில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

2025 ஏப்ரல் 29 இரவு, கொல்கத்தா புர்ராபஜார் பகுதியில் மெச்சுவா பழச்சந்தை அருகே ஆறு மாடி விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தனர். அவர்களுள் மூவர் நம் கரூர் மாவட்டத்தினர்: இரண்டு சிறு பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தாவும். பெற்றோர் வெளியே சென்றிருந்த நேரம் அது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. முதல் மாடியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் தீயை அறியாதவர்கள் அல்லர். கோவில்பட்டியும் சாத்தூரும் தீப்பெட்டித் தொழிலால் பிழைத்த ஊர்கள். ஆனால் கரிசல் காட்டில் நாம் பார்த்த தீ திறந்தவெளித் தீ. படப்பு எரியும், கூரை எரியும். விலகி ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம். மாடிக் கட்டடத்தில் அப்படி இல்லை. கீழே எழும் புகை, படிக்கட்டையே புகைபோக்கியாக்கி மேலே ஏறுகிறது. மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் நினைவிழக்கச் செய்யும். கதவைத் திறந்து ஓடுவதே அங்கே சாவுக்குள் ஓடுவதாக ஆகிவிடலாம்.

ஆகவே சில பழக்கங்கள் நமக்குத் தேவை. அறைக்குப் போனதும் பெட்டியை வைத்துவிட்டு, படிக்கட்டு எங்கே, இடையில் எத்தனை கதவுகள் என்று பிள்ளைகளோடு நடந்து எண்ணிப் பார்ப்போம். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கை உதவும். அறைச் சாவியைத் தலைமாட்டில் வைப்போம். தீ என்று தெரிந்தால் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். சூடாக இல்லையெனில் மெதுவாகத் திறந்து, புகை இருந்தால் தரையோடு தாழ்ந்து, படிக்கட்டு வழியே இறங்குவோம். லிப்ட் வேண்டாம். கதவு சூடாக இருந்தாலோ, வெளியே புகை அடர்ந்திருந்தாலோ, கதவை மூடி, அதன் இடுக்கை ஈரத்துண்டால் அடைத்து, சன்னலருகே நின்று துணியை ஆட்டி, 101 அல்லது 112 எண்ணை அழைத்து அறை எண்ணைச் சொல்வோம். நகைக்கும் பணத்திற்கும் திரும்பிப் போக வேண்டாம்.

விருந்தினரின் எச்சரிக்கை மட்டும் போதாது. 2001 ஆகஸ்டு 6 அன்று, நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் மடிந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவசர வழியைப் பூட்டி வைக்கும் விடுதியும், சன்னலைச் செங்கல்லால் அடைக்கும் விடுதியும் நம்பி வந்தவர்களுக்குச் சங்கிலியைத்தான் மாட்டுகின்றன. அந்நியரை வரவேற்பது பெரிய அறம் என்று நாம் போதிக்கிறோம். அவர் உயிரோடு திரும்பிப் போக வழி வைப்பதும் அந்த அறத்தில் அடங்கும்.

நம் பக்கமும் பொறுப்பு உண்டு. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்ததில், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த பயணிகளில் 9 பேர் இறந்தனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம். செலவு மிச்சம் என்று வேனில் அடுப்பை ஏற்றி, விடுதி அறைக்குள் சமைக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது அல்லவா?

இந்த ஆண்டு திருப்பயணத்திற்குப் பெயர் கொடுக்கும்போது, குழுத் தலைவரிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்போம்: நாம் தங்கப்போகும் இடத்தில் இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா? இல்லை என்றால், நூறு ரூபாய் கூடுதலானாலும் வேறு இடம் பார்ப்போம்.